தோள்பட்டைத் தையல்

மலைக்குப் போகிறவன் குளிருக்கு அஞ்ச வேண்டும் என்பது எங்கள் வீட்டில் ஸ்தாபிதமான சித்தாந்தம். ஆகையால், சென்ற மார்கழியில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்குப் பிரயாணம் நிச்சயமானவுடன், அது சுமார் 725 மீட்டர் உயரந்தான் என்று நான் எவ்வளவோ வாதாடியும், கம்பளிக் கோட்டு ஒன்று தைத்துக்கொள்ளும்படி உத்தரவாயிற்று. எங்கள் தெருத் தையற்காரரோ தாராள மனசுக்காரர். ஐம்பத்திரண்டு வயதில் இனிமேல் வளரும் உத்தேசம் எனக்கில்லை என்று எடுத்துரைத்தும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அளவெடுப்பதுபோல் நாலு பக்கமும் விட்டுத் தைத்து, "இருக்கட்டும் சார், போடப் போடச் சரியாயிடும்" என்று ஆசீர்வதித்து அனுப்பினார்.

ஆலங்காயத்தில் பஸ் ஏறியபோது என் பக்கத்தில் ஒரு மலையாளிப் பெரியவர் வந்து உட்கார்ந்தார். மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்களின் சந்ததி என்று தங்கள் பூர்வோத்தரம் கூறும் இந்த மலைவாசிகளுக்கே அது பெயர். பட்டுக்குப் பேர்போன ஊரை விட்டு வந்தவர்கள், பட்டை அங்கேயே விட்டுவிட்டு, உடுத்தும் சாமர்த்தியத்தை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள் போலும். பெரியவரின் காக்கிச் சட்டை வெளுத்து வைக்கோல் நிறமாகியிருந்தது. மூன்றாவது பொத்தான் இருந்த இடத்தில் ஊக்கு. ஆயினும் அதன் தோள்பட்டைத் தையல் தோளெலும்பின் மேல் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. என் கோட்டின் தையலோ எலும்பைத் தாண்டி இரண்டு விரற்கடை இறங்கி, அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்தது. மனிதனைக் கம்பீரபுருஷனாகவும் கொடியில் காயும் துணியாகவும் காட்டுகிற பேதம் முழுவதும் அந்த இரண்டு விரற்கடையில்தான் இருக்கிறதென்பதை, முழத்துக்கு முழம் பணம் கொடுத்து வாங்கிய எனக்கு, அந்த ஊக்குக் குத்திய சட்டை உபதேசித்தது.

அவருடைய துண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏறும்போது தலைப்பாகை, அமருமுன் ஆசனத்தைத் தட்டும் விளக்குமாறு, வழியில் கடலைக்காய்க்கு மடி, இறங்குகையில் சுருண்டு சும்மாடாகி, உப்பு மூட்டையைச் சுமந்தது. எந்த வேஷத்திலும் அது அசடு வழியவில்லை. இறங்குமுன் என்னை ஒரு முறை அடிமுதல் முடிவரை பார்த்து, "அண்ணன் கோட்டா, சார்?" என்றார். வீட்டில் நான்தான் மூத்தவன்.

நான் போய்ச் சேர்ந்த காவலூர் வைணு பாப்பு வானாய்வகம், யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்பதற்கு 1977-இல் சான்று கிடைத்த இடங்களுள் ஒன்று. 2.34 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கியும் அங்கே இருக்கிறது. பார்வையாளருக்கென்று வைத்த சிறிய தொலைநோக்கியில் அன்று சனியைக் காட்டினார்கள். உடம்பில் ஓரிடத்திலும் ஒட்டாமல் அத்தனை தூரம் விலகி நிற்கும் ஓர் ஆபரணத்தைத் தரித்துக்கொண்டு அந்தக் கிரகம் எவ்வளவு லக்ஷணமாக இருந்ததென்றால், என் தையற்காரர் ஒருவேளை சனியின் அளவுக்குத்தான் தைத்துவிட்டாரோ என்று தோன்றிற்று.

வானம் பார்க்குமிடத்தில் விளக்கு கூடாதல்லவா? திரும்பும்போது, இருட்டில் தகப்பனென்று நினைத்து ஒரு சிறுமி என் கோட்டுக் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் நடந்து வந்தாள். வாசல் விளக்கருகே வந்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பிடித்திருந்த நுனியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அலறினாள்:

"அம்மா, இந்தத் தாத்தாவுக்குக் கையே இல்லே!"