கைக்குள் அடங்கும் அடாரி

கே: டிவியோடு கட்டிப்போட்ட பழைய கேம் பெட்டியைக் கையடக்கமாக்கும் ஆசையைக் கிளப்பியவர் யார்?

ப: அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த பென் ஹெக்கென்டார்ன். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ‘அடாரி 2600’-ஐக் கையில் பிடித்து ஆடும்படி செய்தார். பிறகு செய்முறைப் புத்தகமே எழுதிவிட்டார்.

கே: அவ்வளவு பெரிய பெட்டியை எப்படிச் சுருக்கினார்?

ப: பெட்டிதான் பெரிது, சரக்கு கொஞ்சம். 1977-இல் வந்த அந்த அடாரியில் முக்கியமான சிப்கள் மூன்றே. நினைவகம் 128 பைட். இந்தப் பதில்கூட அதில் கொள்ளாது! அதற்குள் ஒரு விளையாட்டையே ஓட வைத்தவர்களை வணங்கத்தான் வேண்டும்.

கே: பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

ப: பெருக்கி, வகுத்தால் தெரிந்துவிடும். 3.7 வோல்ட், 3000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட ‘18650’ லித்தியம் செல் ஒன்றில் சுமார் 11 வாட் மணி. இரண்டு செல் என்றால் 22. போர்டும் திரையும் சேர்ந்து 8 வாட் குடித்தால், மூன்று மணி நேரத்துக்குள் ஆட்டம் முடிந்தது.

கே: கையே சுடுகிறதே?

ப: பழைய 7805 ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். தொடராக இணைத்த இரண்டு செல்லின் 7.4 வோல்ட்டை 5 ஆக்கும்போது மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை அது வெறும் சூடாக்கிவிடுகிறது. அதிகம் சூடாகாமல் வோல்ட்டேஜைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் போட்டால் விரலும் தப்பும், பேட்டரியும் தப்பும்.

கே: நின்டெண்டோ 64-இல் இருக்கும் ‘ஜம்பர் பேக்’கில் நினைவகம் எதுவும் இல்லையாமே. தூக்கிப் போடலாமா?

ப: போட்டால் பெட்டி கண் திறக்காது. ராம்பஸ் நினைவகத் தடத்தில் ஓடும் சிக்னல் முட்டித் திரும்பாமல் முடித்துவைப்பது அதன் வேலை. கழற்றும் முன் எந்தப் பாகம் எதற்கு என்று கேளுங்கள். இந்தக் கலைக்கு அதுதான் முதல் விதி.

கே: நின்டெண்டோவின் ‘வீ’ பெட்டியின் போர்டையே வெட்டுகிறார்களாமே, உயிர் போகாதா?

ப: வெட்டும் இடம் தெரிந்தால் போகாது. செயலியும் நினைவகமும் உள்ள நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரங்களை அறுக்கிறார்கள். தேவையான வோல்ட்டேஜ்களைத் தாங்களே தனியாகக் கொடுக்கிறார்கள். அறுத்த விளிம்பில் உள்ளடுக்குச் செம்புகள் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகலாம். அதனால் உப்புத்தாள் போட்டுப் பொறுமையாகத் தேய்க்க வேண்டும்.

கே: கம்பெனிகளே இதைச் செய்திருக்கலாமே?

ப: செய்தார்கள். 1995-இல், செகா தன் டிவி கேம் பெட்டியைக் கையடக்கமாக்கிய ‘நோமட்’ வந்தது. ஆறு பேட்டரிகளை இரண்டு, மூன்று மணி நேரத்தில் விழுங்கியது. ஆனால் 1989-இல் வந்த நின்டெண்டோவின் ‘கேம் பாய்’க்கு வண்ணமும் இல்லை, திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. நான்கே பேட்டரியில் அதைவிடப் பல மடங்கு நேரம் ஓடியது, உலகத்தையே வளைத்தது.

கே: முதல் முறை செய்பவருக்கு ஓர் எச்சரிக்கை?

ப: லித்தியம் செல்லில் நேரடியாகச் சால்டரிங் வைக்காதீர்கள். சூடு பட்டால் தீப்பிடிக்கலாம். செல் ஹோல்டரும் பாதுகாப்பு சர்க்யூட்டும் கட்டாயம்.

கே: ‘ராஸ்பெர்ரி பை’ என்ற குட்டிக் கணினியில், பழைய பெட்டியைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளைப் போட்டால் பழைய ஆட்டங்கள் பலவும் ஓடுமே, ஏன் இந்தப் பாடு?

ப: ஆட மட்டும்தான் ஆசை என்றால் பை போதும். அந்த இயந்திரம் எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிய வேண்டுமென்றால் திறந்துதான் ஆக வேண்டும். ஒன்றே ஒன்று: நன்றாக ஓடும் பெட்டியை அறுக்காதீர்கள். உடைந்து மூலையில் கிடப்பதைத் தேடிப் பிடியுங்கள். அதற்கு மறுபடி உயிர் கொடுங்கள்.