உப்புக்காற்றில் ஒரு ஹெரால்டு

தூத்துக்குடியில் இரும்பு என்பது நிலையான பொருளன்று. உப்பளங்களைத் தழுவி வரும் காற்று வீட்டுக்குள் வெறுங்கையோடு புகுவதில்லை. அது கொண்டுவந்து படியவிடும் உப்பு, தன் சுபாவப்படி ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஜன்னல் கம்பி, கொல்லைக் கேட்டு, பரண்மேல் கிடக்கும் டிரங்குப் பெட்டி என்று பட்சபாதமின்றி எல்லாவற்றையும் பொடியாக்கும் திருப்பணியை இரவு பகல் பாராமல் நடத்திக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஸ்தலத்தில், அறுபது பிராயத்தை எட்டிய ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வாங்கி, வீட்டு முற்றத்திலேயே வைத்துச் செப்பனிடுவதென்று நான் சங்கற்பம் செய்துகொண்டபோது, ஊரார் என்ன நினைத்தார்களோ அதையேதான் என் சம்சாரமும் நினைத்தாள். ஊரார் அதை மனத்துக்குள் வைத்துக்கொண்டார்கள் என்பதொன்றே வித்தியாசம்.

ஹெரால்டின் பூர்வோத்தரம் அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இத்தாலி தேசத்து மிக்கெலோட்டி வரைந்த உருவத்தோடு 1959-ல் இங்கிலாந்தில் அவதரித்து, 1961-ல் சென்னையை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனியாரின் தொழிற்சாலையில் மறுஜன்மம் எடுத்தது அது. மன்னார் வளைகுடாவில் எங்கள் ஊர்க் கரையோரம் கடைசியாக முத்துக் குளித்ததும் அதே 1961-ல்தான். கடலுக்கடியில் தேடிய அதிருஷ்டத்தை அந்த ஆண்டோடு நிறுத்திக்கொண்டு எங்களவர்கள் அதைச் சாலையில் தேடத் தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சீமையில் பாடி செய்து கொடுத்துவந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி தன்வசமாக்கிக்கொண்டதால், முழுப் பாடியையும் ஒரே இடத்தில் செய்விக்க வழியின்றி, பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்து, சேஸியின்மேல் போல்ட்டுப் போட்டுச் சேர்த்தார்கள். ஆபத்துக்குச் செய்த இந்த உபாயம் வீட்டில் கார் பிரிப்பவனுக்கு மகத்தான சௌகரியமாக வாய்த்தது. அதாவது, கழற்ற முடியும் என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் சாயும் பானெட்டு திண்ணையை அடைத்துக்கொண்டது. கதவுகள் இரண்டும் பூஜையறைச் சுவரில் சாய்ந்தன. டிக்கி மூடி மாடிப்படிக்குப் போயிற்று. என் மாமனார் வந்தவர், உட்கார இடம் தேடி, கழற்றிவைத்த பின்சீட்டில் அமர்ந்து காபி சாப்பிட்டுவிட்டு, "வண்டி சௌகரியமாத்தான் இருக்கு மாப்பிள்ளை" என்றார்.

பாடி வேலையில் முதல் பரீட்சைக்கு உபகரணம் ஒரு காந்தத் துண்டு. தகடு உள்ள இடத்தில் காந்தம் ஒட்டும். பட்டி பூசிய இடத்தில் வழுக்கும். கதவின்மேல் அதை வைத்தபோது, கைப்பிடிக்கருகே சற்றுத் தயங்கி, பிறகு நேராகத் தரைக்கு வந்துசேர்ந்தது. சிப்பியானது உள்ளே புகுந்த உறுத்தலைப் பொறுக்காமல் அதைச் சுற்றிப் படலம் படலமாகப் பூசி முத்தாக்குவதுபோல, முன்னிருந்த சொந்தக்காரர்கள் துருவைச் சுற்றிப் பட்டிமேல் பட்டியாகப் பூசி வளர்த்திருந்தார்கள். 1973-ல் எங்கள் ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் விஞ்ஞான முறையில் முத்து விளைவித்துக் காட்டுவதற்கு முன்பே அந்த வித்தை டிங்கரிங் பட்டறைகளில் கைவந்திருந்தது என்பதற்கு என் வண்டி சாட்சி. உளி வைத்துத் தட்டியதும் பட்டி விரற்கடைக் கனத்துக்குப் பெயர்ந்தது. பச்சை, வெளிர்நீலம், மறுபடி பச்சை என்று ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சொந்தக்காரரின் ரசனை வெளிப்பட்டது. கடைசியில் தகடு வரவேண்டிய இடத்தில் எதிர்வீட்டு முருங்கைமரம் தெரிந்தது.

பாடியாவது கண்ணுக்குப் புலப்படும் வியாதி. ஹெரால்டின் சஸ்பென்ஷனோ ஒரு வேதாந்தம். மற்ற வண்டிகளில் பின்பட்டைகள் இரு பக்கமும் நெடுக்காக இருக்கும். இதில் ஒரே பட்டைக் கட்டு, டிஃபரன்ஷியல் பெட்டியின் தலைமேல் குறுக்காகக் கிடக்கிறது. ஒவ்வொரு சக்கரமும் தன் அரை அச்சோடு தனியே ஊசலாடுவதால், ஜாக்கியில் தூக்கினால் இரண்டும் அடிப்புறம் உள்ளே மடங்கி, இறக்கிய பிறகும் சில அடி உருட்டும்வரை அப்படியே நிற்கும். தெருவில் போனவர்களெல்லாம் அச்சு முறிந்துவிட்டதென்று துக்கம் விசாரித்தார்கள். விளக்கம் சொல்லி அலுத்துப்போய், அனுதாபத்தை ஏற்றுக்கொள்ளப் பழகினேன். நம் நாட்டு மெக்கானிக்குகளுக்கு இந்த ஊசலச்சு பிடிக்காமற்போகவே, 1972-ல் அதே வம்சத்தில் வந்த கெசல் காருக்குக் கம்பெனியாரே சாதாரண அச்சைப் போட்டுவிட்டார்கள். என் அபிப்பிராயத்தில் அது கோழைத்தனம்.

தளர்ந்துபோன பட்டைகளுக்கு வளைவு ஏற்ற, உப்பு லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "எம்புட்டு லோடு ஏத்துவிய?" என்றார் பட்டறைக்காரர். "நாலு பேர்" என்றேன். "நாலு பேருக்கு எதுக்கு அண்ணாச்சி பட்டை?" என்று மெய்யாகவே வருந்தினார்.

முன்சக்கரங்களின் சமாசாரம் வேறு. ஒவ்வொன்றின் அடியிலும் டிரன்னியன் என்றொரு வெண்கலக் கட்டி, உள்ளே மரை வெட்டியது. ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ஓர் எஃகுத் தண்டு அந்த மரைக்குள்தான் திரும்புகிறது. அதற்குக் கிரீஸ் ஆகாது, கெட்டியான கியர் ஆயில்தான் ஊட்டவேண்டும் என்பது சாஸ்திரம். மீறினால், நாளடைவில் தண்ணீர் புகுந்து, தண்டு துருவேறி முறிந்து, சக்கரம் நடுரோட்டில் படுத்துவிடும். இதை உதவிக்கு வந்த மேஸ்திரியிடம் உபதேசித்தேன். "லாரிக்குக் கிரீஸ் அடிக்கோம், அம்பாசடருக்குக் கிரீஸ் அடிக்கோம், இதுக்கு மட்டும் எண்ணெய்க் காப்பா? அப்படி என்ன சாமி அண்ணாச்சி இது?" என்று கேட்டுவிட்டு, நான் உள்ளே போன சமயம் பார்த்துக் கிரீஸ் கன்னைக் கையில் எடுத்தார். சென்னைப் புதுப்பேட்டையில் அலைந்து பிடித்த டிரன்னியன்களை நான் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

துருவுக்கு மருந்து சொன்னவர் தோணி கட்டும் ஓடாவி ஒருவர். மீனெண்ணெய் பூசிய மரம் கடலிலேயே கிடந்து உழைக்கும்போது, கரையில் நிற்கும் தகட்டுக்கு என்ன கேடு என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. மீனெண்ணெய் மெல்லிய சந்துகளிலும் ஊர்ந்து புகுந்து, காய்ந்து தோலாகி, ஈரத்தை அண்டவிடாது. சேஸிச் சட்டங்களுக்குள் தாராளமாக ஊற்றினேன். அன்றிரவே வட்டாரத்துப் பூனைகளின் மகாசபை காருக்கடியில் கூடிற்று. மீன் மார்க்கெட்டில் நிரந்தர உத்தியோகம் பார்க்கும் பூனைகள்கூட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தன. "துரு போகுதோ இல்லையோ, எலி போயிட்டு" என்றாள் சம்சாரம். இந்த முயற்சியைக் குறித்து அவள் உதிர்த்த முதல் நல்வாக்கு அது.

பெயிண்டுக்குக் காற்றுப் பார்க்கவேண்டும். கொண்டல் அடிக்கும்போது ஈரமும் உப்பும் வரும். அந்த ஈரத்தில் என்.சி. பெயிண்டு வெள்ளை பூத்து மங்கிவிடும். மேல்காற்று உலர்ந்ததுதான், ஆனால் புழுதியைச் சுமந்துகொண்டு வரும். பாய்மரக்காரர்கள் காற்றுக்குக் காத்திருந்த ஊரில், காற்று இல்லாமைக்காகக் காத்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இரண்டும் ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், முற்றத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு வெளிர்நீலம் அடித்தோம். பானெட்டின் நடுமத்தியில் ஓர் ஈ தன்னை அர்ப்பணித்துக்கொண்டது. அதை எடுப்பதா விடுவதா என்று மேஸ்திரிக்கும் எனக்கும் மூண்ட வாக்குவாதம் முடிவதற்குள் பெயிண்டு காய்ந்துவிட்டது.

சம்சாரத்தை ஏற்றிக்கொண்டு கிரேட் காட்டன் ரோட்டுக்குப் போய், மக்ரூன் வாங்கித் திரும்பவேண்டிய சமயத்தில், ஹெரால்டின் பிரசித்தமான குணம் வெளிப்பட்டது: 25 அடி வட்டத்துக்குள் அது திரும்பிவிடும். ரிவர்ஸ் எடுக்காமல், ஒரே வளைப்பில், ஓர் ஆட்டோவுக்கும் ஒரு பசுவுக்கும் நடுவே திரும்பி நின்றது. "இப்படித் திரும்பும்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேனே" என்றாள் அவள். அந்த வாக்குமூலத்தை இங்கே பதிவு செய்கிறேனே தவிர, நம்பும்படி யாரையும் வற்புறுத்தவில்லை.