கிண்டிக் காட்டின் பாகப்பிரிவினை

சென்னைவாசிகளுக்கு ஒரு நற்செய்தி. பஸ்ஸை விட்டு இறங்கினால் எட்டிவிடக்கூடிய தூரத்தில், ஊருக்கு நடுவிலேயே நமக்கொரு பழங்காடு இருக்கிறது. சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் விரிந்து கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. புள்ளிமான் உண்டு, வெளிமான் உண்டு, நரியும் கீரியும் உண்டு. மேடு பள்ளம் இல்லாத தரை. சர்க்கரை நோயாளிக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் இதைவிட உகந்த நடை கிடையாது. ஒரே ஒரு இடைஞ்சல்தான்: மதிலுக்கு வெளியே நடக்க வேண்டும்.

சர்தார் படேல் சாலை ஓரமாகப் போகும் அந்த நடையை இயற்கை ஆர்வலர்களுக்கு மனதாரச் சிபாரிசு செய்கிறேன். ஒரு பக்கம் மதில், மதிலின் மேல் முள்கம்பி. கம்பிக்கும் மேலே ஏதோ ஒரு மரக்கிளை சாலையை எட்டிப் பார்க்கும். காட்டில் உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது அந்தக் கிளையிலிருந்து விழும் சருகு மட்டும். காலடியில் ஆள் ஒருவர் போகும் அகலத்துக்கு நடைமேடை. அதிலும் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மின்வாரியப் பெட்டி கதவு தொங்க நிற்கும். அதைத் தாண்டினால் ஒரு சிமெண்டுப் பலகை உடைந்திருக்கும். யாரோ புண்ணியவான் அந்தக் குழிக்குள் ஒரு கிளையைச் செருகி வைத்திருப்பார். எச்சரிக்கைப் பலகையும் அதுதான், காட்டுத் தாவரமும் அதுதான். நெரிசல் நேரத்தில் பைக்குகள் நடைமேடையில் ஏறிவந்து, "ஓரமாப் போ சார்" என்று நமக்கே வழி சொல்லிக்கொடுக்கும்.

சரி, உள்ளே இருக்கும் சொத்து எப்படிப் பங்கு பிரிந்தது?

1670களில் கவர்னராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன் இங்கே தோட்ட வீடு கட்டிக்கொண்டார். 1821-இல் அரசாங்கம் இடத்தை விலைக்கு வாங்கியது. 1910-இல் 505 ஹெக்டேர் காடு காப்புக்காடானது. வேட்டையும் விருந்தும் துரைகளுக்கு; வேலிக்கு வெளியே நிற்பது நமக்கு. துரைகள் கப்பல் ஏறினார்கள், வேலி ஏறவில்லை. கவர்னர் மாளிகை ராஜ்பவன் ஆனது. 150 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த மர நிழலில் இன்றைக்கும் ஒருவர் குடியிருக்கிறார். அவர் தினமும் நடக்கிறாரா என்று தெரியாது. நடந்தால் சுகமாக இருக்கும்.

பிறகு நம்மவர்களே பங்கு கேட்டு வந்தார்கள். 1958-இல் ஐஐடிக்கு ஒரு பெரிய துண்டு. படிப்புக்குத்தானே, போகட்டும். தலைவர்களுக்கு? உப்பு அள்ளக் கடற்கரை வரை நடந்தே போனவர் காந்தி. அவருக்கு 1956-இல் ஒரு மண்டபம். எழுபதுகளில் ராஜாஜிக்கு ஒன்று, காமராஜருக்கு ஒன்று. சென்னையில் இருந்த காலமெல்லாம் வாடகை வீட்டில் வாழ்ந்த காமராஜருக்கு, செத்த பிறகு காட்டில் மனை! அவர் உயிரோடு இருந்திருந்தால், மனைக்கோப்பை நீட்டிய அதிகாரியைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்பதை அச்சில் ஏற்ற முடியாது. 1961 முதல் 1977 வரை மட்டும் 172 ஹெக்டேர் இப்படிக் கைமாறியது. 1978-இல் மிச்சத்தைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது இருந்தது சுமார் 270 ஹெக்டேர். 505-இல் 270. பாகப்பிரிவினையில் எல்லாருக்கும் பங்கு கிடைத்தது, வரி கட்டுகிறவனைத் தவிர. அவனுக்குச் சிறுவர் பூங்கா இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். அதைத் தாண்டிய காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது.

மான் மிரளுமாம். மிரளும்தான், மறுக்கவில்லை. காட்டின் நடுப்பகுதி மானுக்கும் நரிக்கும் இருக்கட்டும், நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் 172 ஹெக்டேரை அளந்து கொடுத்தபோது மானிடம் கையெழுத்து வாங்கினீர்களா? ஜல்லி லாரியும் கலவை இயந்திரமும் வந்தபோது மிரளாத மான், ரப்பர் செருப்புப் போட்ட ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைப் பார்த்தா மிரண்டு சாகப்போகிறது? சூழலியல் அக்கறை என்பது உங்கள் அலமாரியில் இருக்கும் ரப்பர் ஸ்டாம்பா, நடக்கிறவன் வந்தால் மட்டும் எடுத்துக் குத்துவதற்கு?

இங்கே வேலி போட்ட அதே வெள்ளைக்காரன் தன் ஊரில் என்ன செய்தான் என்பதையும் பார்த்துவிடலாம். லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டை அங்கிருந்த நிலப்பிரபுக்களும் இப்படித்தான் துண்டு துண்டாக வளைத்துப் போட்டார்கள். லௌட்டன் கிராமத்தில் தாமஸ் வில்லிங்கேல் என்ற கூலித் தொழிலாளி, விறகுக்குக் கிளை வெட்டும் உரிமையை விட்டுத்தர மாட்டேன் என்று கோடரியோடு நின்றார். அந்தக் குடும்பத்து ஆட்கள் சிறைக்குப் போனார்கள். வழக்கு வளர்ந்து, 1878-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: காடு வேலியில்லாமல் திறந்தே கிடக்க வேண்டும், மக்கள் உலாவ வேண்டும். இன்றைக்கு லண்டன் தொழிலாளி மெட்ரோ ரயிலில் போய் இறங்கி, கிளை தறித்த பழைய மரங்களுக்கு நடுவே மண் பாதையில் நடக்கிறான். அவர்களுக்கு 1878, நமக்கு 1978. சரியாக நூறு வருடம் கழித்து நமக்குக் கிடைத்தது மதில்.

குதிரையின் அதிர்ஷ்டம்கூட நமக்கு வாய்க்கவில்லை. பக்கத்துப் பந்தயத் திடல் 160 ஏக்கர். குத்தகை 99 வருடம். வருட வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். மாதம் ஐம்பது ரூபாய்க்குச் சென்னையில் சைக்கிள் நிறுத்த இடம் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். 730 கோடி ரூபாய் பாக்கி என்று 2023-இல் உயர்நீதிமன்றம் சொல்ல, 2024-இல் அரசு திடலை மீட்டு சீல் வைத்தது. அங்கே குளமாம், பூங்காவாம். குளம் நல்லது, மழைவெள்ளத்தில் தவிக்கும் வேளச்சேரிக்காரர்கள் கும்பிடுவார்கள்.

எனக்குப் பயமெல்லாம் அந்தப் 'பூங்கா'வைப் பற்றித்தான். நம் துறைகளுக்கு மண் என்றால் ஆகாது. மண் பாதைக்கு எஸ்டிமேட் போட முடியாது, எஸ்டிமேட் இல்லாத வேலையில் யாருக்கும் சுவை இல்லை. ஆகவே பேவர் பிளாக் வரும். நடுவில் நீரூற்று வரும், ஆறாவது மாதம் அதில் கொசு வரும். குப்பை போட பெங்குவின் வாய், உட்காரச் சிமெண்டுக் காளான், செல்ஃபிக்கு இதயம் வைத்த பலகை. மதிலுக்கு அந்தப் பக்கம் உயிருள்ள மான் மேய, இந்தப் பக்கம் ஃபைபர் மான் ஒன்று கொம்பு உடைந்து நிற்கும். திறப்பு விழாவுக்கு வரும் ஃபிளெக்ஸைக் கட்ட இருக்கிற மரத்தில் ஆணி அடிப்பார்கள்.

கேட்பது கொஞ்சம்தான். மதிலைப் பத்தடி உள்ளே தள்ளி வையுங்கள். கவர்னர் மாளிகைப் பக்கமிருந்தே ஆரம்பிக்கலாம், அங்கே பத்தடி குறைந்தால் அரசியல் சாசனத்துக்குப் பங்கம் வராது. கிடைத்த இடத்தில் ஓர் ஒற்றையடி மண் பாதை விடுங்கள். காலை ஆறு முதல் ஒன்பது வரை திறந்தால் போதும். விளக்கு வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், கல்வெட்டில் யார் பெயரும் வேண்டாம். காட்டிலிருந்து இனி ஒரு சென்ட் நிலமும் யாருக்கும் கிடையாது என்று அரசாணையிலேயே எழுதிவிடுங்கள்.

எழுத மாட்டார்கள் என்று தெரியும். தலைவர்கள் சாவது நிற்கவில்லை, மணிமண்டபங்களும் நிற்காது. ஆகவே வாசகரே, அடுத்த முறை கிண்டிப் பக்கம் சங்கிலியும் கொடியுமாகச் சர்வேயர் வந்து நிற்பதைப் பார்த்தால் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். எத்தனை ஏக்கர், யாருக்கு, எந்த அரசாணையில் என்று கேளுங்கள். பதில் வரும்வரை நகராதீர்கள்.