முகத்துவாரம் தாண்டாத தோணி

மட்டக்களப்பு வாவியோரம் கல்லடிப் பாலத்தடியில் றால் விற்கிற அக்கா ஒரு சவர்க்காரம் வாங்கினாலும் விலைக்குள் 18 சதவீத வற் வரி ஒளிந்திருக்கும். 2024 ஜனவரியிலிருந்து அதுதான் கணக்கு. 2021 ஒக்டோபரில் 136 நாடுகள் கூடி, பெரிய பன்னாட்டுக் கம்பனிகள் இலாபத்தில் 15 சதவீதமாவது வரி கட்டட்டும் என்று உடன்பட்டன. ஒதுங்கி நின்ற நான்கில் இலங்கையும் ஒன்று. அதே ஆண்டு வந்த கொழும்புத் துறைமுக நகரச் சட்டமோ முதலீட்டாளருக்கு 40 வருடம் வரை வரிவிலக்குக்கு வழிவிட்டது. வற் வேறு, இலாப வரி வேறு என்று பொருளியல் படித்த தம்பிமார் திருத்துவார்கள். சரிதான், அக்காவின் மடிக்குத்தான் அந்த வித்தியாசம் விளங்குதில்லை. பெரிய கம்பனிகளைப் போல அவவும் தன் இலாபத்தைத் தோணியிலேற்றி வரி குறைந்த மொறீசியஸில் இறக்கலாம். ஆனால் வாவித் தோணி முகத்துவாரத்தைத் தாண்டாதே!