வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் ஐயாவுக்கு

அனுப்புநர்:
ஒரு விடிலிக்காரி,
பனங்காட்டு ஓரம், உவரி,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வெப்பமானி அவர்கள்,
இந்திய வானிலை ஆய்வுத் துறை,
முகாம்: பாளையங்கோட்டை.

பொருள்: கோடை முடியுமுன் ஒரு வாரம் மாற்றுப் பணியில் எங்கள் விடிலிக்கு வந்து போகக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நலம் விசாரிக்க வேண்டியதில்லை. நலம் கெட வழியே இல்லாதபடிக்குத்தான் உங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். புல்தரையில் நான்கு கால் நட்டு, நெஞ்சு உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. நாலு பக்கமும் சாய்த்துப் பொருத்திய பலகைகள். காற்று நுழையும், வெயில் நுழையாது. கதவு வடக்கே பார்த்துத்தான் இருக்க வேண்டுமாம், திறக்கிற நேரத்தில்கூட உங்கள் முகத்தில் வெயில் அடித்துவிடக் கூடாதே என்று. பக்கத்தில் சூடேறும் சுவர் ஆகாது, தார் ரோடு ஆகாது. இந்தப் பெட்டியை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கலங்கரை விளக்கம் கட்டும் இன்ஜினியர். ‘புதையல் தீவு’ கதை எழுதினாரே, அவருக்கு அப்பா. மாவட்டத்திலேயே நிழலும் காற்றோட்டமும் விதிப்படி கட்டாயமாகக் கிடைத்த ஒரே வேலைக்காரர் நீங்கள்தான், ஐயா.

பொறாமையில் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் ஒப்பிட வேண்டுமென்றால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நிழலில்தான் அளக்க வேண்டும்; அது எனக்கும் புரிகிறது. நிழலில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு அடுப்படிக்காரிக்கு உத்தரவு போடுவதுதான் புரியவில்லை. உங்கள் துறை 1875-ல் தொடங்கியது. 150 ஆண்டு விழாகூடக் கொண்டாடியாயிற்று. இத்தனை காலத்தில் ஒருவராவது உங்களை ஒரு விடிலிக்குக் கூட்டி வந்து காட்டியிருக்கலாம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த விண்ணப்பம்.

பதனி காய்ச்சுகிற எங்கள் விடிலி வீட்டை ஒட்டியே இருக்கிறது. பனை ஓலைக் கூரை, மூன்று பக்கம் ஓலைத் தட்டி, நடுவில் மண் அடுப்பு, அதன்மேல் வாய் அகன்ற அண்டா. எரிக்கக் காய்ந்த மட்டையும் உடை முள்ளும். மாசியில் தொடங்கினால் ஆடிவரை பதனிக் காலம். அதிலும் சித்திரை, வைகாசியில்தான் பனை நன்றாகச் சுரக்கும். நீங்கள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று சாயம் பூசுகிற மாதங்களில்தான் எங்களுக்கு நாலு காசு. வீட்டுக்காரர் இருட்டோடு மரம் ஏறிக் கலயம் இறக்கிக் கொண்டுவருவார். வடிகட்டி அண்டாவில் ஊற்றி அடுப்பைப் பற்றவைக்கும்போதே வெயில் முற்றத்துக்கு வந்திருக்கும்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டர் பதனியாவது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிலோ எடுக்கிற நாளில் எழுபது லிட்டர் தண்ணீர் ஆவியாகி இந்த ஓலைக் கூரைக்குள்தான் ஏறுகிறது. பொங்கி வழியப் பார்க்கும்போது இடித்த ஆமணக்கு முத்தில் ஒரு சிட்டிகை போட்டால் நுரை அடங்கும். அதுவரை அங்கே இங்கே நகரலாம். பாகு இறுகத் தொடங்கிய பிறகு நகர முடியாது. துடுப்பு நின்றால் அடிப்பிடிக்கும், அடிப்பிடித்தால் கசக்கும், கசந்தால் வியாபாரி முகத்தைச் சுளித்தே பாதி விலையைக் குறைத்துவிடுவான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பாகு பதம் வரும்போது 110-ஐத் தாண்டிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் அண்டாவுக்குமேல் குனிந்து, ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டால் இறக்கிச் சிரட்டையில் ஊற்றலாம். உருளாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்திருக்கலாம். மணி அப்போது பன்னிரண்டோ ஒன்றோ.

கடற்கரை ஊர்தானே, கடற்காற்று வருமே என்பீர்கள். வரும். மலையைத் தாண்டி மேல்காற்று அனலாக இறங்குகிற நாளில் அது கடலோடு நின்றுகொண்டு மத்தியானம் தாண்டித்தான் கரையேறும். வந்தாலும் கை நிறைய ஈரத்தோடு வரும். வேர்வை வடிகிறது, காய மாட்டேன் என்கிறது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? 33 டிகிரி வெயிலும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு 43 போலத் தெரியும் என்று கணக்கே இருக்கிறது. அது நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கான கணக்கு. அண்டாவும் துடுப்பும் அதில் சேரவில்லை. 2023-ல் உங்கள் துறையே இந்த உணர்வெப்பக் கணக்கைச் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். ஆனால் வெப்ப அலை என்று அறிவிக்கிற நேரத்தில் மறுபடி உங்கள் ஒரு வாய்ச் சொல்தான் செல்லுபடியாகிறது.

அந்த அறிவிப்புக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்தேன். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு பொருத்தம் பார்ப்பதில்லை. சமவெளியென்றால் 40 டிகிரி, கடற்கரையென்றால் 37. அது போதாது, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அதுவும் போதாது, ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் அப்படி இருக்க வேண்டும். உட்பிரிவு என்றால் ஏதோ நாலு ஊர் என்று நினைத்தேன். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சேர்த்து ஒரே உட்பிரிவாம்! திருத்தணியும் உவரியும் ஒரு குடும்பம். எல்லாம் கூடி வந்தால் இரண்டாம் நாள் அறிவிப்பு. ஆகவே முதல் நாள் மயங்கி விழுகிறவர் சாதாரண வெயிலில் விழுந்தவர். இங்கே யாருக்காவது தலை சுற்றினால், ஒருநாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ‘இயல்பு’ என்ற ஆள் யார், எங்கே இருக்கிறார் என்பதும் எனக்கு நெடுநாள் சந்தேகம். முப்பது வருஷச் சராசரிதான் இயல்பு என்றார்கள். முன்பு 1981 முதல் 2010 வரை எடுத்த கணக்கு. இப்போது 1991 முதல் 2020 வரை. வெயில் கூடக் கூட இயல்பும் பின்னாலேயே கூடி வரும், 4.5 டிகிரி எட்டாக் கனியாகிக்கொண்டே போகும். இன்னும் முப்பது வருஷம் பொறுத்தால் வெப்ப அலையே இல்லாத நாடாகிவிடலாம். எங்கள் விடிலி அந்த நிலையை எப்போதோ எட்டிவிட்டது. தினமும் ஒரே சூடு, இயல்பிலிருந்து அரை டிகிரி விலகல் கிடையாது. அக்கினி நட்சத்திரத்தை நீங்கள் கணக்கில் எடுப்பதில்லை, பஞ்சாங்கம் உங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. என் மாமியார் இரண்டு பேரையும் எடுப்பதில்லை. “ஏட்டி, வெயில் அடிச்சாத்தான் பதனி ஊறும். அலையாம் அலை! கடல்ல இல்லாத அலையா?” என்று முடித்துவிட்டார்.

உங்கள் உறவுக்காரர் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் அவ்வப்போது புத்தி சொல்கிறார். பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெயிலில் போகாதே. வெப்பம் உச்சத்தில் இருக்கும்போது சமைக்காதே. சமைக்கிற இடத்தின் கதவு, சன்னலைத் திறந்து வை. எங்கள் விடிலிக்குக் கதவும் இல்லை, சன்னலும் இல்லை. அந்த ஒரு விதியில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டோம். குடிப்பதற்கு லஸ்ஸி, நீராகாரம், எலுமிச்சைத் தண்ணீர், மோர் என்று பட்டியல். அந்தப் பட்டியலில் பதனி இல்லை. லஸ்ஸிக்கு நான் உவரியில் எங்கே போக?

உச்சி வெயிலில் அடுப்பு வேண்டாம், சரி. பதனியை மூடி வைத்து மூன்று மணிக்குமேல் பற்றவைக்கலாம் என்று பார்த்தால், அது அரசாங்கக் கோப்பு அல்லவே, மூடி வைத்தால் அப்படியே கிடக்க. கலயத்தின் உள்ளே தடவிய சுண்ணாம்புதான் அதைக் காலைவரை இனிப்பாக வைத்திருக்கிறது. காய்ச்சாமல் மத்தியான வெக்கையில் போட்டுவைத்தால் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்கு இங்கே 1987-லிருந்து தடை. 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் திடமாக இருக்கிறது. ஆக, பன்னிரண்டு மணிக்குப் பேரிடர் ஆணையத்துக்கு நான் நல்ல பிள்ளை. மூன்று மணிக்கு மதுவிலக்குப் போலீசுக்குக் குற்றவாளி. பனையை மாநில மரம் என்று கொண்டாடுகிறார்கள், வெட்ட வேண்டுமென்றால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்கிறார்கள், உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. இத்தனை மரியாதையும் ஒரு மத்தியானம் அடுப்பை அணைத்தால் புளித்துப் போகும். துறைகள் ஒருதரம் கூடிப் பேசி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை நான் யாருடைய பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தால் சுவரில் ஒட்டிக்கொள்வேன். சுவர் இல்லை, தட்டியில் செருகிக்கொள்வேன்.

கூரைக்கு வெள்ளையடித்தால் குளிரும் என்ற யோசனையும் காதில் விழுந்தது. ஓலைக்கு வெள்ளையடிப்பது எப்படி என்று கேட்டுச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற சுண்ணாம்பு கலயத்துக்கே பற்றவில்லை.

எங்கள் வீட்டு நியாயம் மட்டும் பேசுவதாக நினைக்க வேண்டாம். என் நாத்தனார் முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறாள். தலைக்குமேல் மின்விசிறி தொங்குகிறது, போட மாட்டாள். போட்டால் சுளகில் இருக்கிற தூள் பறக்கும், நனைத்து வைத்த இலை காய்ந்து மடிக்கும்போது உடையும். உடைந்த இலைக்கு யார் கணக்குச் சொல்வது? கட்டட வேலைக்காரர்களுக்கு நேரத்தை மாற்றிக் கொடுங்கள் என்று கோடைதோறும் மேஸ்திரிகளுக்குச் சொல்கிறார்கள், நல்லது. வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு மேஸ்திரி யார்? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை மணிக்கு, எத்தனை டிகிரியில் என்று அந்தச் சிட்டையில் பத்தி கிடையாது. வீட்டுக்குள் இருப்பதால் அவள் வெயிலிலிருந்து தப்பியவள் என்ற கணக்கில் வருகிறாள்.

ஒரு நல்ல காரியம் நடந்தது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். அந்த நேரத்தில் மத்திய அரசின் பட்டியலில் பன்னிரண்டு பேரிடர்கள். குளிர் அலை உண்டு. பனிச்சரிவு உண்டு. வெப்ப அலை கிடையாது. உவரிக்காரர் யாராவது குளிரில் விறைத்தோ பனிச்சரிவில் புதைந்தோ போயிருந்தால் டெல்லியே ஓடி வந்திருக்கும். நாங்கள்தான் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. மாநிலம் கொடுக்கும் 4 லட்சத்துக்கும் வெப்பத்தால்தான் இறந்தார் என்று உரியவர் சான்று தர வேண்டும். அங்கேதான் எனக்குச் சந்தேகம். நான் அடுப்பு முன்னால் விழுந்தால், கொன்றது வானத்து வெயிலா அண்டாச் சூடா என்று பிரித்துச் சொல்வது யார்? வெயில் பாதி, அடுப்பு பாதி என்றால் 2 லட்சமா? செத்த பிறகு கேட்க முடியாது என்பதால் இப்போதே கேட்டுவைக்கிறேன்.

ஆகவே ஐயா, சித்திரைக் கடைசியில் புறப்பட்டு வாருங்கள். திசையன்விளைக்கு பஸ் ஏறினால் அங்கிருந்து உவரி பக்கம்தான். வெள்ளைப் பெட்டி வேண்டாம், விடிலிக்குள் நுழையாது. அடுப்பிலிருந்து நாலு அடி தள்ளி, என் தோள் உயரத்துக்கு ஒரு கம்பில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன், அதில் தொங்கிக்கொள்ளலாம். ஈரத் துணியைக் குண்டில் சுற்றிக்கொண்டு உங்கள் பக்கத்திலேயே ஈரக்குமிழ் வெப்பமானி என்று ஒரு தம்பி நிற்பாரே, அவரைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். டிவியில் உங்கள் எண்ணைத்தான் வாசிக்கிறார்கள். அவரைக் கூப்பிட்டுக் கேட்பதே இல்லை. எங்களுக்கு அவர் வாக்குதான் முக்கியம். அவர் 35-ஐத் தொட்டுவிட்டால் வேர்வை ஆறாக ஓடினாலும் பிரயோசனம் இல்லை, நல்ல திடகாத்திரமான ஆளுக்கே சில மணி நேரம்தான் என்கிறார்கள்.

சாப்பாட்டுக்குக் கஞ்சியும் கருவாடும். பதனி வேண்டிய மட்டும். ஓலைப் பட்டையில் ஊற்றித் தருகிறேன். ஓய்வு நேரத்தில் அந்தோணியார் கோயிலைப் பார்க்கலாம், கப்பல் மாதா கோயிலைப் பார்க்கலாம். வைகாசி விசாகம்வரை தங்கினால் சுயம்புலிங்க சுவாமி கோயிலில் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் சுமந்து வந்து கொட்டும் கூட்டத்தைக் காணலாம். அவர்கள் காலடி மணலை மட்டும் அளக்க வேண்டாம். அது நேர்ச்சைக் கணக்கு, உங்கள் பதிவேட்டில் வராது.

இப்படிக்கு,
விடிலிக்காரி.

நகல்:
தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் – பட்டியலில் பதனியைச் சேர்க்கும் பொருட்டு.
மதுவிலக்குத் துறை – அண்டாவில் இருப்பது பதனிதான் என்ற தகவலுக்காக.

குறிப்பு: மூன்று பேரும் சேர்ந்தாற்போல் வந்துவிட வேண்டாம். வாசலில் வேம்பு ஒன்றுதான் நிற்கிறது. மத்தியானம் அதன் நிழலில் ஒருவர்தான் உட்காரலாம்.