ஒரு மழை, இரண்டு மனு

புரட்டாசி பாதி கழிந்துவிட்டால் தாமலில் வானிலை தெரியாதவர் யாரும் கிடையாது. டி.வி.யில் வரைபடத்துக்கு முன்னால் நிற்பவர் "வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு" என்று வாயெடுப்பதற்குள், அது எங்கே கரையைக் கடக்கும் என்று எங்கள் டீக்கடையில் முடிவாகியிருக்கும். சென்னையிலிருந்து பெங்களூருக்கு நெடுஞ்சாலையில் பறக்கிறவர்கள் காஞ்சிபுரம் தாண்டியதும் தெரிகிற எங்கள் ஏரியின் பெரிய தண்ணீரைப் பார்த்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தண்ணீரை வைத்துத்தான் இங்கே இரண்டு மாதம் அரசியல் நடக்கிறது என்று அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவுக்குத் தறி, சித்தப்பாவுக்கு நிலம். சம்பா நின்றுகொண்டிருக்கும், அது முடிந்தால் மார்கழி, தை வாக்கில் நவரை போட வேண்டும். நவரைக்கு ஏரியை விட்டால் கதியில்லை. ஆகவே சித்தப்பா, "பெய்யணும், விடாம பெய்யணும்" என்பார். பெரியப்பாவுக்கோ ஐப்பசி என்றாலே வயிற்றைக் கலக்கும். தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய சேலை, அதற்குப் பின்னால் தை முகூர்த்தச் சேலை, எல்லாம் அவர் தலையில் நிற்கிற நேரம் அது. அந்த நேரம் பார்த்துத்தான் வடகிழக்குப் பருவமழை வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதற்கும் வேறு வேலையில்லை.

பட்டுத்தறிக்கும் மழைக்கும் ஏன் ஆகாது என்று கேட்டால், வந்து பார்த்தால்தான் புரியும். குழித்தறியில் நெய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைப் பள்ளத்தில் தொங்கப்போட்டு மிதி மிதிக்க வேண்டும். ஏரி ஏற ஏற, ஊரின் நிலத்தடி நீரும் ஏறும். முதல் நாள் குழியின் சுவர் வியர்க்கும். மறுநாள் அடியில் ஈரம். மூன்றாம் நாள் பெரியப்பா சொம்பை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, மொண்டு மொண்டு வெளியே ஊற்றுவார். ஊற்றிய தண்ணீர் வாசலில் நிற்காமல் திரும்பக் குழியையே தேடி வரும். மேலே பாவு ஈரம் குடித்து நமுத்துக் கிடக்கும். இழை ஒன்றோடொன்று ஒட்டும், அச்சில் நகராது, இழுத்தால் அறும். தலைக்கு மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டுப் பாவைக் காய வைப்பார். பல்பின் கீழே கல்யாணப் பெண்ணின் முந்தானை குளிர்காய்ந்துகொண்டிருக்கும். மின்சாரம் போனால் அதுவும் இல்லை. புதுப் பாவைத் தெருவில் நீள இழுத்துக் கட்டிப் பதம் பார்க்கிற வேலைக்கோ பேச்சே இல்லை. தெருவில் ஏற்கெனவே தண்ணீர் நீளமாகப் படுத்திருக்கும்.

ஆக, ஒரே கூரையிலிருந்து மேலே இரண்டு மனு போகிறது. நல்ல வேளையாக ஊரில் வராகீஸ்வரரும் இருக்கிறார், தாமோதரப் பெருமாளும் இருக்கிறார். சித்தப்பா சிவனிடம் மழை கேட்டுவிட்டு வந்தால், பெரியப்பா பெருமாளிடம் போய்த் தடையுத்தரவு கேட்பார். சில வருஷம் இருவரும் சந்நிதியை மாற்றிக்கொள்வதும் உண்டு. போன வருஷத் தீர்ப்பு திருப்தியில்லையாம்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கு அன்னாபிஷேகம். சோற்றாலேயே லிங்கத்தை மூடி, மேலே காய்கறியும் பழமும் வைத்து அலங்காரம் செய்வார்கள். சித்தப்பா அதற்கு அரிசி கொடுப்பார். பெரியப்பாவும் அதே அரிசியைக் காட்டி, "எங்க வூட்டு அரிசி" என்று தன் கோரிக்கையையும் சேர்த்து வைத்துவிடுவார். ஒரு மூட்டையில் இரண்டு வேண்டுதல் ஏற்றினால் சாமி எதைத்தான் பார்ப்பார்?

ஏரி எவ்வளவு நிரம்பியது என்பதைக் கணக்கெடுக்க அரசாங்கத்தில் ஆள் உண்டு. முழுக் கொள்ளளவு 18 அடிக்கு மேல். ஆனால் அதிகாரபூர்வமான அளவு டீக்கடையில்தான் வெளியாகும். இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டி, குடவோலை போட்டு ஆளெடுத்து ஏரி வாரியம் நடத்தியிருக்கிறார்கள். 35 வயது ஆகியிருக்க வேண்டும், 70 தாண்டக் கூடாது, சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவுக்காரர்களும் நிற்கவே முடியாது. கல்லில் வெட்டியிருக்கிறது. அந்த விதியை எங்கள் டீக்கடை வாரியத்துக்குப் போட்டால் பெஞ்சு காலியாகிவிடும். பாதிப் பேர் டீக்கடைக்காரருக்கே கணக்கு முடிக்காதவர்கள்.

பிள்ளைகளுக்குத் தனிக் கட்சி. ராத்திரி முழுக்க அவர்கள் கும்பிடுவது மாவட்ட ஆட்சியரை. விடிகாலையில் விடுமுறை அறிவிப்பு வந்துவிட்டால் போதும், அதுவரை போர்வைக்குள் காய்ச்சலில் முனகியவன் எழுந்து கிரிக்கெட் மட்டையோடு ஓடுவான். சில நாள் அறிவிப்பு வந்ததும் வெயில் அடிக்கும். அது ஒன்றுதான் பெரியப்பாவுக்குக் கிடைக்கிற லாபம்.

தீபாவளியன்று பட்டாசு வெடிக்கக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று அரசு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறது. மழைக்கும் அந்தச் சுற்றறிக்கை போயிருக்க வேண்டும். சரியாக அந்த இரண்டு மணி நேரத்தில்தான் கொட்டும்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, "ஏரி கோடி போவுது!" என்று யாரோ சைக்கிளில் கத்திக்கொண்டு போவார்கள். அவ்வளவுதான், ஊரே கரையில். மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் தண்ணீரில் தூவி, கற்பூரம் காட்டி, சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார், மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி. வழிந்து வருகிற தண்ணீரில் மீன் துள்ளும். கெண்டை, கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். வலை, கொசுவலை, வேட்டி, எது கிடைத்தாலும் அதை விரித்துக்கொண்டு ஆட்கள் இறங்கிவிடுவார்கள்.

தறி நின்றுபோன ஆத்திரத்தில் வீட்டில் யாரோடும் பேசாத பெரியப்பாவும் வருவார். முதலில் கரையில் நின்று மழையைத் திட்டுவார். அப்புறம் பக்கத்திலிருப்பவன் வலையை வாங்கி விரித்துப் பார்த்து, "இன்னாப்பா கண்ணி இது, ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது" என்று குறை சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். தறி பழகிய கை. அறுந்த கண்ணியைத் தண்ணீரிலேயே நின்று முடிச்சுப் போட்டு, மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடவே அள்ளுவார்.

இங்கேதான் ஒரு சிக்கல். மீன் மலிவாகக் கிடைக்கிற மாதம் பார்த்து ஊரில் பாதி ஆண்கள் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாமல் இருந்து, ஐப்பசியில் நாக்கை ஆற்றிக்கொண்டு, மறுபடியும் விரதம். எங்கள் வீட்டில் சித்தப்பாவும் சாமிதான்.

"சாமி, உங்க ஏரி மீனு, நல்ல விராலு" என்று பெரியப்பா கூடையைத் தம்பியின் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"தூரப் போ அண்ணே, பாவம் வந்துரும்."

"நான் இன்னாப்பா பண்ணுவேன், நீதானே பெய்யச் சொன்னே?"

அன்றைக்கு எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு.