ராஜு காரு

2005-இல் ஐதராபாத் அமீர்பேட்டை விடுதியில் தங்கி ஜாவா படித்த தமிழ்ப் பையன்களான எங்களுக்கு நாயகன் சினிமாக்காரர் அல்ல, சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ராமலிங்க ராஜு. செய்தித்தாளில் வெட்டிய அவர் படம் அறைச் சுவரில் இருந்தது. தெலுங்கு நண்பர்கள் மரியாதையாக ‘ராஜு காரு’ என்பார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம். பீமவரம் பக்கத்து விவசாயக் குடும்பம், 1987-இல் தொடங்கிய கம்பெனி, 2001-இல் நியூயார்க் பங்குச் சந்தை. 2005 ஆகஸ்ட் 15 அன்று அவர் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியதும் மிச்சமிருந்த தயக்கமும் போயிற்று. காசு வாங்காமல் உயிர் காப்பவரின் கணக்கை யார் சந்தேகிப்பார்?

2009 ஜனவரி 7 அன்று அவரே எழுதிய கடிதம் வெளிவந்தது. கையிருப்பாகவும் வங்கி இருப்பாகவும் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை. 2008 செப்டம்பர் காலாண்டில் வருவாயில் 24 சதவீதம் என்று காட்டிய செயல்பாட்டு லாபம் உண்மையில் 3 சதவீதம். நிறுவன நிர்வாகத்துக்கான ‘கோல்டன் பீகாக்’ விருது சத்யத்துக்குக் கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பணம் இருக்கிறதா என்பது வங்கியைக் கேட்டாலே தெரிந்துவிடும். ஹார்வர்ட் பேராசிரியர் உட்கார்ந்த இயக்குநர் குழுவைத் தாண்டியும் இந்த மோசடி ஆண்டுக்கணக்கில் நடந்தது.

என்னை இன்றும் உறுத்துவது அன்று மாலை மாதாப்பூர் டீக்கடையில் கேட்ட பேச்சு. யாருக்கும் கோபம் வரவில்லை. “தானா ஒத்துக்கிட்டாரே, அந்த மனசு யாருக்கு வரும்?” என்றார்கள். வேலை என்னாகுமோ என்று பயந்து நின்ற சத்யம் ஊழியர்களே அப்படிச் சொன்னார்கள்.

2013-இல் சத்யம் டெக் மகிந்திராவில் கலந்தது. 2015 ஏப்ரல் 9 அன்று சிறப்பு நீதிமன்றம் ராஜுவுக்கு 7 ஆண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது.

இப்போது என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் சம்பளத்தில் பாதியை ஒரே கம்பெனிப் பங்கில் போடுகிறான். “ஓனர் பேச்சைக் கேளுங்கண்ணே, எவ்வளவு எளிமை!” என்கிறான். ராஜுவின் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். “ஆனா 108 கொடுத்தாரேண்ணே” என்றான். கொடுத்தார். தமிழ்நாட்டுக்கும் அது 2008-இல் வந்தது. எத்தனையோ பேர் அதனால் பிழைத்திருக்கிறார்கள். அந்த நன்மை மெய் என்பதால்தான் இந்தப் பொய்யும் அவ்வளவு காலம் நின்றது என்றேன். பிறகு அவன் வாங்கும் கம்பெனியின் ஆண்டறிக்கையை இறக்கி, ரொக்க இருப்பு உள்ள பக்கத்தை இருவருமாகத் தேட ஆரம்பித்தோம்.